சென்னாக்கூனியும் தென்கடல் கிரில்லும்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கும் நம் இல்லங்களுள் பலவற்றில் கருவாட்டுக் குழம்பு மணப்பது வழக்கம். மீனின் சுவையைக் கூட்டிக்கொள்வது ஒறுத்தலாகுமா என்பது வேறு வினா; அதனைப் பங்குத்தந்தையரிடமே விட்டுவிடுவோம். பூவிருந்தவல்லியிலோ அம்பத்தூரிலோ கருவாட்டுக் கடை முன் நின்றவர்கள், நெத்திலிக்கும் வாளைக்கும் அருகே தவிட்டு நிறத்தில் குவிந்து கிடக்கும் சென்னாக்கூனியைக் கண்டிருப்பார்கள். கைக்குப் பணம் குறையும் மாதக் கடைசியில் முருங்கைக்கீரையோடும் கத்தரிக்காயோடும் சேர்ந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய எளிய பண்டம் அது.

ஆவடியில் வாழும் தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். வெளியூரில் பணிபுரியும் மகன் அவருக்குக் ‘கிரில் எண்ணெய்’ மாத்திரைக் குப்பி ஒன்றை அனுப்பியிருந்தான். அதன்மேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இது நம் சென்னாக்கூனிதானே? இதற்கா இவ்வளவு விலை?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் நல்ல கேள்விதான்.

இரண்டும் ஒன்றல்ல, தூரத்து உறவு என்று சொல்லலாம். இரண்டும் ஓடுடைய சிற்றுயிர்களே. சென்னாக்கூனி இறால் கூட்டத்தைச் சேர்ந்தது. வளர்ந்தாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. கிரில் வேறு வரிசையைச் சேர்ந்தது. இறாலின் செவுள்கள் ஓட்டுக்குள் மறைந்திருக்கும். கிரில்லுக்கோ அவை வெளியே தெரியும். தென்துருவக் கடலில் வாழும் பெரிய கிரில் 6 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, ஐந்தாறு ஆண்டுகள் உயிர்வாழும். உடலில் உள்ள சிறு உறுப்புகளால் நீலப்பச்சை ஒளியும் உமிழும். ‘கிரில்’ என்பது நார்வே நாட்டார் மீன்குஞ்சுகளுக்கு வைத்த பெயர்.

இவ்வளவு சிறிய உயிரை நம்பித்தான் உலகின் மிகப்பெரிய உயிராகிய நீலத் திமிங்கலம் வாழ்கிறது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. கடலில் சிறியனவும் பெரியனவுமாக உயிர்கள் திரிவதைப் பாடும் 104-ஆம் திருப்பாடல் நம் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளைக் கிரில் உண்கிறது. கிரில்லைத் திமிங்கலமும் பெங்குவினும் கடல்நாயும் மீன்களும் உண்கின்றன. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் பனிக்கட்டியின் அடிப்புறத்தில் படர்ந்த பாசியை மேய்ந்து பிழைக்கின்றன. எனவே பனி குறைந்தால் அவற்றின் மேய்ச்சல் நிலமும் குறைகிறது.

இங்கே மனிதன் கணக்குத் தவறிய கதை ஒன்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் தென்கோளக் கடல்களில் ஏறத்தாழ 20 லட்சம் திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. உண்பவை ஒழிந்தமையால் கிரில் பெருகி மிஞ்சும் என்று பலர் எதிர்பார்த்தனர். சோவியத் நாடும் ஜப்பானும் பெருங்கப்பல்களை அனுப்பின. 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. ஆனால் எதிர்பார்த்தபடி கிரில் பெருகவில்லை. காரணம் என்ன? திமிங்கலங்கள் உண்ட இரும்புச்சத்தைத் தம் கழிவின் வழியாகக் கடலின் மேற்பரப்புக்கே திருப்பித் தந்துவந்தன. அந்த எருவில்தான் நுண்பாசி செழித்தது. அப்பாசியை உண்டே கிரில் வளர்ந்தது என்று அறிவியலார் பலர் இன்று விளக்குகின்றனர். மாட்டை விற்றுவிட்டு, வைக்கோல் மிச்சம் என்று மகிழ்ந்த உழவன், அடுத்த போகத்துக்குச் சாணம் இல்லாமல் விழித்த கதைதான்!

நம் நாடும் இக்கடலைத் தேடிச் சென்றதுண்டு. ‘சாகர் சம்பதா’ என்னும் ஆய்வுக்கப்பல் 1995-96-இல் தென்கடலில் இந்தியாவின் முதல் கிரில் ஆய்வுப் பயணத்தை மேற்கொண்டது. ஆய்வு நடந்ததேயன்றி அது வணிகமாக வளரவில்லை. தூரம் ஒருபுறமிருக்க, பிடித்த சில மணி நேரத்துக்குள் கிரில்லின் உடலை அதன் செரிமான நீரே கரைத்துவிடும் என்பதும், ஓட்டில் ஃபுளோரைடு மிகுந்திருக்கும் என்பதும் இத்தொழிலின் இடர்கள். கப்பலிலேயே ஆலை வைத்துப் பதப்படுத்துவோர்க்குத்தான் இது கட்டுப்படியாகும்.

இன்று பிடிபடும் கிரில்லில் பெரும்பகுதி நேராக மனிதர் தட்டுக்கு வருவதில்லை. மாவாக அரைபட்டு, வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகிறது. சால்மன் மீனின் தசைக்குச் செந்நிறம் தரும் பொருளும் அதில் உண்டு. இறால் தீவனத்திலும் கவர்ச்சிப் பொருளாகச் சேர்ப்பர். எஞ்சியதில் ஒரு பகுதிதான் அந்தத் தாயின் குப்பிக்குள் வந்த எண்ணெய்.

தென்கடலின் உயிர்வளத்தைக் காக்க 1982-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பு நாடு. கிரில் மிகுதியாகப் பிடிபடும் அட்லாண்டிக் பகுதிக்கு ஆண்டுக்கு 6,20,000 டன் என எல்லை வகுத்திருக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டில் அந்த எல்லையே முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்னரே மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. மொத்தக் கிரில்லோடு ஒப்பிட்டால் இது சிறு பங்குதானே என்பர் தொழில் நடத்துவோர். பெங்குவின்கள் குஞ்சு பொரிக்கும் கரையோரங்களிலேயே கப்பல்கள் குவிவதுதான் சிக்கல் என்பர் மறுதரப்பினர். பின்னவர் சொல்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஊரில் மொத்தம் நூறு கிணறுகள் இருக்கலாம். நம் தெருக் கிணற்றை ஒருவர் இறைத்துவிட்டால் நம் குடம் காலிதானே?

தொலைவிலுள்ள கடலைப்பற்றி நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். இலங்கைக் கடலில் உலவும் நீலத் திமிங்கலங்கள் கிரில்லைவிடச் சென்னாக்கூனியின் உறவினமான சிற்றிறால்களையே மிகுதியாக உண்கின்றன என்பதை, அந்நாட்டு அறிவியலார் ஆஷா டி வோஸும் அவர்தம் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திமிங்கலமும் ஆவடித் தாயும் ஒரே குடும்பத்துப் பண்டத்தை உண்கிறார்கள்! நம் கரையிலும் பொடிமீன்கள் மீன்மாவு ஆலைகளுக்குச் சென்று தீவனமாகின்றன. ஏழைகளின் குழம்பில் விழவேண்டிய மீன், ஏற்றுமதியாகும் இறாலின் வயிற்றுக்குப் போவதை வளர்ச்சி என்று மட்டும் சொல்லி முடித்துவிட நம்மால் இயலவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 40-ஆம் பத்தியில், நாம் கவனியாது விடும் கடல் நுண்ணுயிர்களே உணவுச் சங்கிலிக்கு ஆதாரம் என்பதைக் குறிப்பிட்டுள்ளார். நம் அன்பியக் கூட்டங்களில் அப்பத்தியை ஒருமுறை வாசிக்கலாம்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுவே: இறால் ஒவ்வாமை உள்ளவர் கிரில் எண்ணெயைத் தொடவேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கவேண்டாம். அதிலுள்ள நற்கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் தாராளமாக உண்டு. மகனின் அன்பைக் குறை சொல்லாமல், குப்பி தீர்ந்தபின் மறுபடி அனுப்பவேண்டாம் என்று எழுதிவிடலாம்.

“அப்படியானால் சென்னாக்கூனி?” என்றார் அவர். தாராளமாக வாங்கலாம். உப்பும் மணலும் மிகுந்திருக்கும் என்பதால் சலித்து, வெறும் சட்டியில் வறுத்து, ஆறியபின் கையால் கசக்கித் தூசியைப் புடைத்துவிட்டு, இரண்டு மூன்று நீரில் அலசிக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்பு உடையவர்கள் குழம்பில் தனியே உப்புப் போடாதிருப்பது நலம்.