ரஜினியின் ரத்தக் கொதிப்பும் மாமாவின் 8.4ம்

நம்மவர்கள் நாலு பேர் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் சினிமாவுக்குப் போகும், அங்கிருந்து அரசியலுக்குத் தாவும், கடைசியில் உடம்பில் வந்து நிற்கும். உடம்பு என்றால் நம் உடம்பு இல்லை. நடிகரின் உடம்பு அல்லது தலைவரின் உடம்பு. இருவரும் ஒருவரே என்றால் இரண்டாவது தே ஆர்டர் ஆகிவிடும்.

இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த எம்ஜிஆரின் படம்தான் அந்த ஆண்டுத் தேர்தலின் சுவரொட்டி. பரங்கிமலையில் அவர் வென்றார். 1984ல் சிறுநீரகம் பழுதாகி நியூயார்க்கின் புருக்ளினில் சிகிச்சையில் இருந்தபோது, பிரசாரத்துக்கு ஒரு நாள்கூட வராமல் ஆண்டிபட்டியிலும் வென்றார். அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிகளைத் தமிழ்நாடெங்கும் திரையிட்டுக் காட்டினார்கள். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் மகள் லீலாவதி என்பது அந்தத் தலைமுறையில் பலருக்கு இன்றும் மனப்பாடம். 2016ல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாளும் தேக்காவில் காய்கறி வாங்கப் போனால்கூட அதே பேச்சுதான்.

ரஜினி விஷயத்தில் நமக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். 2011ல் அவர் சிகிச்சைக்கு வந்தது நம் ஊருக்குத்தான். கட்சி தொடங்கப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்த நேரத்தில், ஹைதராபாத் படப்பிடிப்பின்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார். 2020 டிசம்பர் 29ஆம் தேதி, உடல்நலத்தைக் காரணம் காட்டி அரசியலுக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டார். சினிமா, அரசியல், உடல்நலம் மூன்றும் ஒரே அறிக்கையில். பலருக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான் என்று தோன்றுகிறது. ‘என் உடம்பு இதற்குத் தாங்காது’ என்று ஊரறியச் சொல்லும் ஆண்களை நம் குடும்பங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

என் மாமாவைப் பார்த்ததில்லை. அம்மாவின் தம்பி. இருபது வருடமாக டாக்சி ஓட்டுகிறார். ரஜினி எந்தத் தேதியில் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், என்ன மாத்திரை, யார் மருத்துவர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் போன வருடம் அவரே பலதுறை மருந்தகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. முடிவுத் தாள் நாலாக மடிக்கப்பட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. தீபாவளிக்கு ஒட்டடை அடித்த அத்தை கண்டெடுத்தார். சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை: 8.4.

“அதான் பத்தே தாண்டலையேம்மா! 126க்கு மேல போனாத்தானே சுகர்?” என்றார் மாமா.

சிரித்துவிடாதீர்கள். அவர் தினமும் யூடியூபில் சென்னை மருத்துவர்களின் பேச்சைக் கேட்கிறவர். அவர்கள் சொல்வது இந்தியக் கணக்கு, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது. சிங்கப்பூரில் தருவது லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். நம் 7தான் அவர்களின் 126. மாமாவின் 8.4 அங்கே போனால் 151. நீரிழிவுக் கோட்டைத் தாண்டிவிட்ட எண் அது. அந்தத் தாள் ஏழு மாதம் தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் அவருடைய இடது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்து, ஆறாமல், செருப்பு உரசியது என்று சொல்லிக்கொண்டே டாக்சி ஓட்டியிருக்கிறார். மரத்துப்போன பாதத்தில் வலி தெரியவில்லை. நல்லவேளை, விரல் தப்பியது. மருத்துவர், இன்னும் சில வாரம் போயிருந்தால் என்று தொடங்கி முடிக்காமல் விட்டாராம். அந்த முடிக்காத வாக்கியத்தை அத்தை இன்னும் விடவில்லை.

2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஒரு பிரதமருக்கு இதுவா பேச்சு என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் இந்நோய் சீனர்களைவிட அதிகம் என்பதை நினைத்தால் கேலி வராது. அப்புறம் நியூட்ரி-கிரேட் வந்தது. 2022 டிசம்பர் இறுதியில் புட்டி, டின் பானங்களுக்கு. ஓராண்டு கழித்து கடையில் கலக்கும் பானங்களுக்கும். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’. இது எங்கள் மேசையில் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. முன்பு ‘தே’ என்று மட்டும் சொன்னவர்கள் இப்போது ‘சியூ டாய்’ என்கிறார்கள். ‘கோசோங்’ என்று சொல்ல இன்னும் கௌரவம் தடுக்கிறது, நோயாளி என்று நினைத்துவிடுவார்களாம்.

இதை வயதானவர்கள் கதை என்று இளையவர்கள் புரட்டிவிட வேண்டாம். முதல் நாள் முதல் காட்சிக்கு நள்ளிரவில் போய், இடைவேளையில் பெரிய கோலாவும் இனிப்புப் பாப்கார்னும், படம் முடிந்து இரண்டு மணிக்குப் பரோட்டா, காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் என்று இருப்பவர்கள் நீங்கள்தான். நாற்பதைத் தொட்டதும் ஹெல்தியர் எஸ்ஜி அழைப்பு வரும். சேர்ந்தால் ஒரே குடும்ப மருத்துவர், முதல் சந்திப்பு இலவசம், குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்கும் கட்டணம் இல்லை. அப்பா அம்மாவுக்குப் பதிவு செய்து கொடுக்க உங்கள் கைப்பேசியில் பத்து நிமிடம் ஆகலாம். அவர்களை மருந்தகத்துக்குக் கிளப்புவதற்குத்தான் பத்து வாரம் ஆகும். மாமாவுக்கு நாங்கள் சொன்ன காரணம் எதுவும் எடுபடவில்லை. “ரஜினியே டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் கட்சியை விட்டார்” என்று அத்தை ஒரே ஒரு முறை சொன்னார். மறுநாள் காலை சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த ஞாயிறு அப்பாவை அழைக்கும்போது புதுப் படம் பற்றிப் பேசுங்கள், தேர்தல் பற்றியும் பேசுங்கள். நடுவில், போன தடவை சர்க்கரை எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். “நார்மல்தான்” என்று பதில் வரும். எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். தாள் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்.