மூவேற்ற இரும்பு: உலோகச் சேர்மப் பெயரிடலில் எண்ணடையின் தேவை

ஒரு சேர்மத்தின் பெயர் அதன் வாய்பாட்டை எழுதுவதற்கு வழிகாட்ட வேண்டும். கால்சியம் குளோரைடு என்னும் பெயரில் இடர்ப்பாடு இல்லை. கால்சியம் அயனியின் மின்சுமை +2. குளோரைடு அயனியின் மின்சுமை -1. ஆகவே ஒரு கால்சியத்திற்கு இரு குளோரைடு. ஆயின் இரும்பு, செம்பு, வெள்ளீயம் முதலிய உலோகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமைகளை ஏற்பன. எந்த மின்சுமை என்பதைப் பெயர் உணர்த்தாவிடின் வாய்பாட்டைப் பெற இயலாது.

இவ்வேறுபாட்டை உணர்த்தத் தமிழ்வழி வேதியியலில் ஃபெர்ரஸ் - ஃபெர்ரிக், குப்ரஸ் - குப்ரிக், ஸ்டேனஸ் - ஸ்டேனிக் என்னும் இணைகள் வழங்கி வருகின்றன. இவற்றில் இரு குறைகள் உள. ஒன்று, இலத்தீன் வழிவந்த பகுதிகளில் தமிழ் மாணவர் இரும்பையோ செம்பையோ காண இயலாது. மற்றொன்று, விகுதி எண்ணை உணர்த்துவதில்லை. குறைவு, மிகுதி என்னும் ஒப்பீட்டையே உணர்த்துகிறது. 'இக்' என்னும் ஈறு இரும்பில் +3, செம்பில் +2, வெள்ளீயத்தில் +4. பெயர் விளக்க வேண்டியதை மனப்பாடம் ஈடுசெய்கிறது.

ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919இல் முன்வைத்த முறை, உலோகப் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் உரோம எண்ணை இடுகிறது. அச்சில் இது தெளிவானது. வகுப்பறையில் 'இரும்பு இரண்டு ஆக்சைடு' என ஒலிக்கும்போது மயக்கம் தோன்றுகிறது. தமிழில் எண், பெயருக்கு முன் அடையாக நிற்பது இயல்பு. ஆதலின் 'இரண்டு' என்பது பின்வரும் ஆக்சைடையே தழுவுவதாகக் கேட்போர் கொள்வர். ஓர் இரும்பிற்கு இரு ஆக்சைடு எனப் பிழைபட எழுதுவர். உண்மையில் ஓர் இரும்பிற்கு ஓர் ஆக்சைடே உண்டு.

இதற்குத் தீர்வு தமிழிலேயே உளது. மின்சுமையை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஏற்றம்' என வழங்குகின்றன. ஈருடல், மூவுலகு என்பன போல ஓரேற்றம், ஈரேற்றம், மூவேற்றம், நான்கேற்றம் எனச் சொற்கள் எளிதில் அமையும். 'மூவேற்ற இரும்பு ஆக்சைடு' என்றவுடன் கணக்குத் தொடங்கிவிடுகிறது: இரும்பு +3, ஆக்சைடு -2, இரண்டும் ஈடாகும் எண் 6, எனவே இரும்பு இரண்டு, ஆக்சைடு மூன்று. மேக்னடைட்டில் ஈரேற்ற இரும்பு ஒன்றும் மூவேற்ற இரும்பு இரண்டும் உள எனின், நேர்மின்சுமை மொத்தம் 8; ஆக்சைடு நான்கு என்பது தானே பெறப்படும்.

'ஏற்றம்' நேர், எதிர் என்னும் குறியை உணர்த்தவில்லை எனத் தடை எழலாம். இத்தகைய எளிய சேர்மங்களில் உலோக அயனி நேர்மின்சுமை உடையதே. ஆதலின் மயக்கத்திற்கு இடமில்லை. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் +7 அயனியின் மின்சுமை அன்று, ஆக்சிஜனேற்ற எண்ணே. அங்கு இவ்வழக்குப் பொருந்தாது. அவ்வரம்பை ஏற்றுக்கொண்டே இது கையாளப்பட வேண்டும்.

அச்சில் ஸ்டாக் முறை நிலைபெறட்டும். பேச்சில் எண்ணடை வழங்கட்டும். கலைச்சொல்லாக்கம் பெயர்ச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடாமல், சொற்புணர்ச்சியின் ஆற்றலையும் அறிவியலுக்குப் பயன்படுத்துதல் வேண்டும். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் கூடிச் செய்ய வேண்டிய பணி இது.