அந்த ரிவால்வரில் ஏன் ஒரே ஒரு குண்டு?

நைட் ஷிப்ட் முடிந்து மூக்கண்டப்பள்ளி டீக்கடைகளில் நிற்கும் கூட்டத்தில், யாராவது ஒருவர் போனில் அந்த ரீல் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஷூட்டிங் ரேஞ்ச். குட்டையான ஒரு ரிவால்வரை, துப்பாக்கியையே தொட்டிராத ஒருவர் கையில் கொடுக்கிறார்கள். 'டமார்!' கை நெற்றி வரை எகிறுகிறது. சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

சிரிக்கிற விஷயமா அது?

இந்த ரீல்களில் அதிகம் வருவது .44 மேக்னம் ரகம். 1955-ல் வந்த தோட்டா இது. 1971-ல் வெளியான 'டர்ட்டி ஹாரி' படத்தில் க்ளின்ட் ஈஸ்ட்வுட் கையில் பார்த்த பிறகுதான் உலகமே இதைத் தேட ஆரம்பித்தது. ஆனால், படத்தில் வந்தது நீளக் குழல். ரீல்களில் வருவது இரண்டரை, மூன்று அங்குலக் குழல்.

குழல் குட்டையானால், மருந்து முழுவதும் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்சம் குழல் வாயில் பந்தாக எரியும். அதனால் குண்டின் வேகம் குறையும். நெருப்பும் சத்தமும் கூடும். சுருக்கமாகச் சொன்னால், பலம் குறைந்து பந்தா கூடுகிறது! சத்தம் 160 டெசிபலைத் தொடும். 140-ஐத் தாண்டினாலே காதுக்கு நிரந்தர பாதிப்பு வரலாம். துப்பாக்கியின் எடை குறையக் குறைய, கையில் விழும் உதையும் பலமாகும்.

பிடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ரிவால்வரில் குண்டு இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே கொதிக்கும் வாயு பீய்ச்சி அடிக்கும். விரல் அங்கே இருந்தால் கிழித்துவிடும். பவர் பிரஸ் ஓட்டுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். கை உள்ளே போய்விடக் கூடாது என்றுதானே இரண்டு கையாலும் பட்டனை அழுத்த வைக்கிறார்கள்!

எல்லாவற்றையும்விட மோசமானது இரண்டாவது குண்டு. உதை விழுந்ததும் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும். அப்போது விரல் மறுபடியும் ட்ரிகரை இழுத்துவிடலாம். குழலோ அதற்குள் மேலே, சில நேரம் சுடுபவரின் தலையையே பார்த்துத் திரும்பியிருக்கும். அதனால்தான் பொறுப்பான பயிற்சியாளர்கள் புதியவர்களுக்கு முதலில் ஒரே ஒரு குண்டு மட்டும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

2014 ஆகஸ்டில் அரிசோனாவில் நடந்தது வேறு ரகத் துப்பாக்கியில். சுற்றுலா வந்த 9 வயதுச் சிறுமியிடம் 'ஊஸி' தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உதையில் அது அவள் பிடியை மீறித் திரும்பியது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் குண்டு பாய்ந்து இறந்துபோனார். பெற்றோர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகையில் அதுவும் ரீல் எடுத்த கதைதான்.

நம் ஊரில் காசு கொடுத்து மேக்னம் சுட்டுப் பார்க்க வழியில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியவர்களிடம்கூட பொதுவாக இருப்பது .32 ரிவால்வர்தான். 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்காகக் கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் .32-தான். அப்போதைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். முழுக் குழல் .44 மேக்னத்தின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் .32-க்கு.

'அப்போ அது டம்மி பீஸா?' என்று கேட்டால், ஜஸ்பால் ராணாவைப் பார்க்க வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில், காய்ச்சலோடு போய் நின்று 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் 600-க்கு 590 எடுத்தார். தங்கத்தோடு உலக சாதனையையும் சமன் செய்தார். அந்தப் போட்டியில் மேக்னம் தோட்டாவுக்கு அனுமதியே கிடையாது. அங்கே மார்க் அடித்த இடத்துக்கு மட்டும்தான். நம்ம 'தல' அஜித் 2021-ல் தமிழ்நாடு மாநில துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கங்களை அள்ளியதும் இந்த மாதிரி விளையாட்டுத் துப்பாக்கிகளில்தான்.

ஆசைப்படும் பிள்ளைகள் தொடங்க வேண்டியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். 4.5 மில்லிமீட்டர் பெல்லட். உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும் அதில் வந்தவைதான். அவருடைய கோச் யார் தெரியுமா? அதே ஜஸ்பால் ராணா!