கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



ஓசூர் சிப்காட்டில் உழைத்துச் சேர்த்த பி.எஃப். பணத்தில் ஃபிரான்சைஸ் டீக்கடை எடுக்கலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். எடுங்கள். ஆனால் கம்பெனி தரும் சாமான் பட்டியலை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்.

ஃப்ரீசர், பாய்லர், பில்லிங் மெஷின் எல்லாம் கடையை மூடினாலும் ஓரளவு விலைக்குப் போகும். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், வயரிங் கட்டட உரிமையாளருக்கே போய்ச் சேரும். அந்தப் பகுதியைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் நின்றபடியே குடித்துவிட்டு பஸ் பிடிப்பார். அவருக்கு சோபா எதற்கு?

5% ஜி.எஸ்.டி. வாங்கும் உணவுக்கடைக்கு, ஃப்ரீசருக்குக் கட்டிய 18% வரி திரும்ப வராது. அதையும் முதலீட்டில் சேருங்கள்.

பெங்களூரு கம்பெனியின் பெயர்ப்பலகை அத்திப்பள்ளியில் 60% கன்னடத்தில் இருக்க வேண்டும். ஜூஜூவாடி வந்துவிட்டால் தமிழ்தான் முதன்மை. ஆகவே பலகை புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது?

மின் லோடு போதுமா என்று பார்க்காமல் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. வாயால் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பட்டியல் வந்ததும் எனக்கும் காட்டுங்கள், சேர்ந்தே கூட்டிப் பார்ப்போம்.