பெஞ்ச்மார்க் ஸ்கோரை நம்பி போன் வாங்கலாமா? சாம்சங் விவகாரம் சொல்லும் பாடம்

புது போன் வாங்கும்போது 'கீக்பெஞ்ச் ஸ்கோர் எவ்வளவு?' என்று தேடுபவரா நீங்க? அப்போ 2022-ல் நடந்த இந்த விஷயத்தை தெரிஞ்சுக்கோங்க.

என்ன நடந்தது?

சாம்சங் கேலக்ஸி எஸ்22 வெளியான சில நாட்களிலேயே, கேம்களின் வேகம் குறைவதாக தென்கொரியாவில் புகார் கிளம்பியது. காரணம், போனுக்குள் இருந்த 'கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ்'. போன் சூடாகாமல் இருக்க, ஆப்பின் பெயரை வைத்து வேகத்தைக் குறைத்தது இது. ஆனால் பெஞ்ச்மார்க் ஆப்களை மட்டும் தொடவில்லை!

எப்படி சிக்கியது?

'3டிமார்க்' பெஞ்ச்மார்க் ஆப்புக்கு 'கென்ஷின் இம்பாக்ட்' கேமின் பெயரைக் கொடுத்து சோதித்தனர். அதே போன், அதே சோதனை. ஸ்கோர் மட்டும் சரிந்தது.

2022 மார்ச்சில் எஸ்10, எஸ்20, எஸ்21, எஸ்22 வரிசை போன்களை கீக்பெஞ்ச் தன் பட்டியலில் இருந்து நீக்கியது. சாம்சங் மன்னிப்பு கேட்டது. கட்டுப்பாட்டை பயனர்களே நீக்கிக்கொள்ள அப்டேட்டும் தந்தது.

இதில் என்ன தப்பு?

சூடு ஏறினால் வேகத்தைக் குறைப்பது எல்லா போனிலும் உண்டு. அது தேவையும்கூட. ஆனா, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும் பள்ளிக்கூடம் மாதிரி, சோதனையில் ஒரு வேகம், நம்ம கையில் வேறு வேகம் என்றால் அந்த ஸ்கோருக்கு அர்த்தமே இல்லை.

அப்போ எதைப் பார்க்கணும்?

ஒரு தடவை ஓட்டிய ஸ்கோர் போதாது. 3டிமார்க்கின் 20 நிமிட ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே சோதனையை 20 முறை ஓட்டும். ரிவ்யூக்களில் அதைத் தேடுங்க. முதல் சுற்றுக்கும் கடைசி சுற்றுக்கும் உள்ள இடைவெளிதான், அரை மணி நேரம் கேம் ஆடினால் உங்க போன் என்ன ஆகும் என்பதைச் சொல்லும்.