துடுப்பை நம்பலாம், காற்றை நம்பக்கூடாது

ஆலப்புழைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வேம்பநாட்டுக் காயலை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஏசி படுக்கையறை, டிவி, சமையல்காரர் என்று சகல வசதிகளோடும் படகு வீடு நகர்கிறது. தட்டில் கரிமீன் வறுவல் வருகிறது. காயல் எங்கோ கீழே கிடக்கிறது. ஒரு காலத்தில் நெல் மூட்டை சுமந்த கெட்டுவள்ளம்தான் இன்று இப்படிக் கல்யாண மண்டபம் மாதிரி ஆகியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

காயலை அதன் மட்டத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் கயாக்தான் சரி. ஆர்க்டிக் பிரதேசத்து இன்யூட் மக்கள் மரச் சட்டத்தின் மீது சீல் தோலை இழுத்துக் கட்டிச் செய்த வேட்டைப் படகு இது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. இரண்டு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பு. டீசல் புகை இல்லை, இரைச்சல் இல்லை. இடுப்புக்குக் கீழே சில அங்குலத்தில் தண்ணீர். நீர்க்காகம் மீனோடு எழுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

'யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்' என்கிறார்கள் சுற்றுலாக்காரர்கள். பாதி உண்மை. எந்தத் தண்ணீரில், எந்த நேரத்தில் என்பதைச் சொன்னால்தான் முழு உண்மையாகும். சுமார் 96 கி.மீ. நீளமுள்ள, இந்தியாவின் மிக நீளமான இந்த ஏரியில் மூன்று விதமான தண்ணீர் இருக்கிறது.

முதலாவது, கைநகரி பக்கத்துச் சிறு வாய்க்கால்கள். புதிதாகத் துடுப்பு பிடிப்பவர்களுக்கு இதுதான் பள்ளிக்கூடம். விடியற்காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் போய் வந்தால் போதும். சிறுவர்களும் வயதானவர்களும் இருவர் அமரும் கயாக்கில் பழகியவர் ஒருவரோடு போகலாம். வழியில் வரப்பு மேல் ஏறிப் பாருங்கள். நெல் வயல் தண்ணீரைவிடத் தாழ்வாக, பள்ளத்தில் கிடக்கும். காயலை அணை கட்டி மறித்து, நீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய நிலம். கடல் மட்டத்துக்கும் கீழே நடக்கும் இந்தக் குட்டநாட்டு விவசாயத்தை, உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013இல் அங்கீகரித்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்த வாய்க்கால் உங்களுக்குச் சுற்றுலா. கரையில் இருப்பவர்களுக்கு வாசல். படித்துறையில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டுவது, அவர் வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

இரண்டாவது, புன்னமடை போன்ற பெரிய நீர்வழிகள். நேரு கோப்பைக்காகச் சுண்டன் வள்ளங்கள் சீறிப் பாயும் இடம். மற்ற நாட்களில் படகு வீடுகளின் நெடுஞ்சாலை. பெரிய படகு கிளப்பும் அலை பக்கவாட்டில் அடித்தால் கயாக் கவிழும். மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினால் ஏறி இறங்கிவிடும். இது இரண்டு மூன்று முறை பழகியவர்களுக்கான தண்ணீர்.

மூன்றாவது, திறந்த காயல். முகம்மாவிலிருந்து பாதிராமணல் தீவுக்குப் போகிற ஆசை எல்லோருக்கும் வரும். காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் வெயில் ஏறியதும் மேற்கே கடலிலிருந்து காற்று கிளம்புகிறது. காயல் ஆழமில்லாதது என்பதால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். முகம்மா மேற்குக் கரை. அதாவது, போகும்போது முதுகில் தட்டிக் கொடுத்த காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். களைத்துப் போன கைகளுக்கு அப்போதுதான் இரட்டிப்பு வேலை. முடிந்தால் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்ப வேண்டும். பாதிராமணலுக்கு அது முடியாது என்பதால் கடற்காற்று எழும் முன்பே கரை சேர்ந்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. இதே முகம்மா - குமரகம் வழியில் 2002 ஜூலை 27இல் பயணிகள் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். தேக்கடியில் 2009இல் 45 பேர். வதோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரியில் சுற்றுலா போன 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். இவை கயாக்குகள் அல்ல, கூட்டம் ஏற்றிய படகுகள். கயாக்கில் கூட்டம் ஏற முடியாது. ஆனால் தேக்கடியிலும் ஹர்ணியிலும் பலர் லைஃப் ஜாக்கெட் அணியாமல் இருந்தார்களே, அந்த அலட்சியம் கயாக்கிலும் ஏறிக்கொள்ளும். 'வேர்க்கிறது' என்று கழற்றி முன்னால் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறோம். தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டிக்கொள்ள முடியாது.

ஜாக்கெட்டை மாட்டி எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின், தோள்பட்டையில் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. கவிழ்ந்துவிட்டால் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள். கயாக் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் மிதப்பார்.

துடுப்பு போடுகிறவர் இன்னொன்றையும் பார்ப்பார். குட்டநாட்டு நெல்லை உப்பு நீரிலிருந்து காக்க 1976 முதல் இயங்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்கள் டிசம்பர் வாக்கில் மூடப்படுகின்றன. பிறகு தெற்கே நீர் தேங்குகிறது, ஆகாயத்தாமரை பெருகுகிறது. திறந்து உப்பு நீர் வந்தால்தான் அது கருகும். மூடியிருந்தால் மீனும் இறாலும் ஏறி வர வழியில்லை என்பது மீனவர் குறை. திறந்தால் பயிர் போகும் என்பது விவசாயி கவலை. படகு வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பச்சைப் பரப்பு அழகு. கயாக்கில் உட்கார்ந்து துடுப்பை அதிலிருந்து பிடுங்கும்போதுதான் ஏரிக்கு மூச்சு முட்டுவது தெரிகிறது.

ஆகவே, போய் வாருங்கள். புறப்படும் முன் வழிகாட்டியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: 'திரும்பும்போது காற்று எந்தப் பக்கம்? என் அளவுக்கு ஜாக்கெட் எங்கே?' பதில் சொன்னால் துடுப்பைக் கையில் வாங்குங்கள். சிரித்தால், கரையிலேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.