402ஆவது ஆளும் ஒரு ஸ்கவுட்டும்

"வீடியோ இருக்கு, நம்பர் இருக்கு. பேஸ்பால்ல இனிமே வட்டார ஸ்கவுட் எதுக்கு?"ன்னு ஜல்லியடிக்கிறவங்களைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது.

ஊர் ஊராகக் காரோட்டி, பள்ளி, கல்லூரி மைதானங்களில் வெயில் காய்ந்து ஆள் பொறுக்குகிறவர் அவர். ஒரே ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

1999. அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆல்பர்ட் புஹோல்ஸ்னு ஒரு பையன். டாம்பா பே அணியின் வட்டார ஸ்கவுட் பெர்னாண்டோ அரங்கோ, இவனை எடுத்தே ஆகணும்னு எழுதிக் கொடுத்தார். மேலிடம் கண்டுக்கவேயில்லை. புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் 13ஆவது சுற்று வரைக்கும் அவன் காத்துக் கிடந்தான். கடைசியில் 402ஆவது ஆளாக செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் எடுத்தது. வெறுத்துப்போன அரங்கோ வேலையையே விட்டார்.

2022இல் புஹோல்ஸ் ஓய்வு பெற்றபோது கணக்கு: 703 ஹோம் ரன்!

"மத்த ஸ்கவுட்டெல்லாம் கோட்டை விட்டாங்களே?" விட்டாங்கதான், இல்லைங்கலை. ஆனா சரியாப் பார்த்தவரும் ஒரு ஸ்கவுட்தானே? பந்தின் வேகத்தை ரேடார் கன் சொல்லும். அவுட்டாகித் திரும்புற பையன் அடுத்த பந்துக்கு எப்படித் தயாராகிறான்னு யார் சொல்றது?

கண்ணை நம்பாத ஆபீஸ் செஞ்ச தப்புக்கு, கண்ணையே பிடுங்கணுமாம். நல்லா இருக்கய்யா உங்க நியாயம்!